பூட்டிக் கிடக்கும் பொதுக்கூடங்களும் கலைஞர்களுக்கான பணிக்கூடங்களும்: வட ஆர்க்காட்டை முன்வைத்து

பழைய வட ஆர்க்காடு மாவட்டம் 1989இல் இரண்டாகப் பிரிந்தது. அதில் ஒரு பாதியான வேலூர், 2019இல் மேலும் மூன்றாகப் பிரிந்தது. இன்று வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என நான்கு மாவட்டங்களாக இருக்கும் இந்த நிலப்பரப்பில், ஊராட்சிகளும் நகராட்சிகளும் கூட்டுறவுச் சங்கங்களும் ஒரு காலத்தில் ஆர்வத்தோடு கட்டிய பொதுக் கட்டடங்களில் கணிசமானவை இப்போது பூட்டியே கிடக்கின்றன. அவற்றை ஓவியர்களும் சிற்பிகளும் குயவர்களும் கூத்துக் கலைஞர்களும் பகிர்ந்துகொள்ளும் பணிக்கூடங்களாக மாற்றலாமே என்ற யோசனை எளிதாகத் தோன்றும். யோசனை நல்லதுதான். ஆனால் அது நிறைவேறுவதும் பாதியில் நிற்பதும் பெரும்பாலும் சுவரையும் கூரையையும் பொறுத்ததாக இருப்பதில்லை. அந்தக் கட்டடத்தை எத்தனை ஆண்டுகளுக்கு, யாரிடமிருந்து, என்ன நிபந்தனையில் பெறுகிறோம் என்பதைப் பொறுத்தே இருக்கிறது.

இந்தக் கட்டடங்கள் ஏன் காலியாயின என்பதை முதலில் பார்க்க வேண்டும். சமுதாயக் கூடம் பெரும்பாலும் ஏழைக் குடும்பங்களின் திருமணத்திற்கும் காதணி விழாவிற்கும் மஞ்சள் நீராட்டுக்கும் எனக் கட்டப்பட்டது. வாகனம் நிறுத்த இடமும் தனிச் சாப்பாட்டுக் கூடமும் ஜெனரேட்டரும் குளிர்சாதனமும் கொண்ட தனியார் கல்யாண மண்டபங்கள் நெடுஞ்சாலை ஓரமெங்கும் எழுந்த பிறகு, கடன் வாங்கியாவது மண்டபத்தில் நடத்துவதே கௌரவம் என்றாகிவிட்டது. கூடத்திற்கு வரும் சொற்ப வாடகை வெள்ளையடிக்கக்கூடப் போதாது, கூரை ஒழுகத் தொடங்கும், மின்மோட்டார் பழுதாகும், கழிப்பறைக் கதவு பெயர்ந்து போகும், பிறகு பூட்டு விழும். நெசவாளர் கூட்டுறவுச் சங்கக் கட்டடங்களின் கதை வேறு. குடியாத்தம், ஆரணி, வாலாஜாபேட்டை வட்டாரங்களில் கைத்தறிகள் குறைந்து விசைத்தறிகள் வந்ததும், நூல் இருப்பு வைக்கவும் துணி அளந்து வாங்கவும் கட்டிய நீண்ட அறைகளுக்கு வேலை இல்லாமல் போயிற்று. ஊராட்சிகள் கட்டிய தொலைக்காட்சி அறைகள் வீட்டுக்கு வீடு தொலைக்காட்சி வந்த அன்றே காலாவதியாகிவிட்டன; அவை மிகச் சிறியவை என்பதால் இங்கே பேச்சில் சேரா.

இன்னொரு பக்கம், இடம் தேடுவோர் யார்? கலைஞர் என்றதும் கித்தானுக்கு முன் தூரிகையோடு நிற்பவரை மட்டும் நினைத்துக்கொண்டால் இந்த வட்டாரத்தின் தேவை புரியாது. கடைப் பலகையும் சுவர் விளம்பரமும் கட்சிக் கட்-அவுட்டும் எழுதிப் பிழைத்த ஓவியர்கள், ஃப்ளெக்ஸ் அச்சு வந்தபின் தொழிலிழந்து, கோயில் வண்ணவேலை, பள்ளிச் சுவர் ஓவியம், உருவப்படம் எனக் கிடைத்ததைச் செய்கிறார்கள். காட்பாடியை அடுத்த கரிகிரியின் மண்பாண்டக் கலை பெயர்பெற்றது. கோபுரங்களுக்குச் சுதை வேலை செய்பவர்களும் விநாயகர் சிலை செய்பவர்களும் பல ஊர்களில் உண்டு. செய்யாற்றை அடுத்த புரிசை, கண்ணப்பத் தம்பிரானின் பெயரால் நாடறிந்த தெருக்கூத்து ஊர். அந்த அளவுக்கு அறியப்படாத ஜமாக்கள், அதாவது கூத்துக் குழுக்கள், இந்த நிலமெங்கும் உள்ளன. கூத்தின் கிரீடமும் தோளில் அணியும் புஜகீர்த்தியும் மார்புப் பதக்கமும் எடை குறைந்த மரத்தில் செதுக்கி, கண்ணாடித் துண்டும் வண்ணத்தாளும் ஒட்டிச் செய்யப்படுபவை. மழைக்காலத்தில் அவற்றைப் பழுது பார்க்கவும் ஈரம் படாமல் வைக்கவும் இடம் வேண்டும். இவர்களோடு, 1850இல் தொடங்கிய சென்னைக் கவின்கலைக் கல்லூரியிலும் கும்பகோணத்திலும் படித்துவிட்டு ஊர் திரும்பி, பள்ளிகளில் ஓவிய ஆசிரியராகவோ பகுதிநேர வடிவமைப்பாளராகவோ இருக்கும் இளைஞர்களும் இளம்பெண்களும் சேர்கிறார்கள்.

வேலூர் நகருக்குள் இவர்களால் இடம் பிடிக்க முடிவதில்லை. சி.எம்.சி. மருத்துவமனைக்கு வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வரும் நோயாளிகளின் குடும்பங்களுக்கு நாள் வாடகைக்கு அறை விடுவது இலாபமான தொழில் என்பதால், காந்தி ரோட்டைச் சுற்றியுள்ள தெருக்களில் ஓர் அறையின் விலையை விடுதித் தொழில்தான் தீர்மானிக்கிறது. பாகாயம், தொரப்பாடி, சத்துவாச்சாரி எனத் தள்ளிப் போனால் வாடகை குறையும். ஆனால் வீட்டுச் சொந்தக்காரர் களிமண்ணையும் டர்பன்டைன் வாடையையும் இரவு நேரச் சுத்தியல் சத்தத்தையும் பொறுக்கமாட்டார். வீடாகக் கட்டிய இடத்தில் பட்டறை நடத்துவது இரு தரப்புக்கும் தொல்லையே. உயரமான கூரையும் அகலமான கதவும் அழுக்கானாலும் கவலையில்லாத தரையும் கொண்ட பழைய பொதுக்கூடம் அந்த வகையில் பொருத்தமான இடம்.

ஆண்டுக்கணக்கு என்ற கேள்விக்கு மற்ற ஊர்களின் அனுபவம் தெளிவாகவே பதில் சொல்கிறது. சென்னைக் கலைக் கல்லூரியின் முதல்வராயிருந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவரைச் சுற்றியிருந்த ஓவியர்களும் 1966இல் சோழமண்டல ஓவியர் கிராமத்தைத் தொடங்கியபோது, பத்திக் துணி போன்ற கைவினைப் பொருள்களை விற்ற பணத்தைச் சேர்த்து நிலத்தை விலைக்கு வாங்கினார்கள். நிலம் சொந்தமானது என்பதாலேயே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் மனை விலை எங்கோ போய்விட்ட பின்பும் அந்தக் கிராமம் அங்கேயே நிற்கிறது. இலண்டனில் ஓவியர்கள் பிரிஜெட் ரைலியும் பீட்டர் செட்ஜ்லியும் 1968இல் தொடங்கிய ஸ்பேஸ் அமைப்பு, செயின்ட் கேத்தரின் துறைமுகத்தின் காலியான கிடங்குகளில் ஓவியர்களுக்கு இடம் கொடுத்தது. அது தற்காலிக அனுமதி என்பதால், துறைமுகத்தை மறுசீரமைக்கும் வேலை வந்ததும் வேறு இடம் தேட வேண்டியிருந்தது. அதே நகரில் 1972இல் தோன்றிய ஆக்மி அமைப்பு, இடிப்பதற்கென்று ஒதுக்கிய வீடுகளை மாநகர நிர்வாகத்திடம் குறுகிய காலத்துக்கு வாங்கிக் கலைஞர்களுக்குத் தந்தது. டெல்லியில் லலித் கலா அகாதெமி வழி வேறு: முகலாயர் கால வேட்டை மாளிகை ஒன்றை 1976இல் ‘கடி’ (Garhi) என்ற பெயரில் பணிக்கூடங்களாக மாற்றி, அரசு நிறுவனமே நடத்துகிறது. அங்கே வாடகையைப் பற்றிய கவலை குறைவு. நிறுவனத்தின் மனநிலையைப் பற்றிய கவலை அதிகம்.

வேலூரில் நிலம் வாங்கும் வசதி கலைஞர்களுக்கு இல்லை. அகாதெமி இங்கே வந்து நடத்தும் என்று எதிர்பார்க்கவும் முடியாது. எஞ்சுவது குத்தகை. இங்கேதான் பழக்கதோஷம் குறுக்கே வருகிறது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்று 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் சொல்வதால், பதினொரு மாத ஒப்பந்தம் எழுதிக்கொள்வது நம் ஊரில் வாடிக்கையாகிவிட்டது. பதினொரு மாத ஒப்பந்தத்தை நம்பி யாரும் கூரையைச் செப்பனிடமாட்டார்கள், மும்முனை மின் இணைப்பு வாங்கமாட்டார்கள், சூளை வைக்கமாட்டார்கள். இடத்தைக் கொடுப்பவர் நல்லெண்ணத்தோடு குறைந்த வாடகைக்குக் கொடுத்தாலும், கலைஞர்கள் தங்கள் பணத்தைப் போட்டுச் சீர்செய்து முடித்த அடுத்த ஆண்டே அந்தக் கட்டடத்திற்கு வேறு மதிப்பு வந்துவிடும். பிறகு புதுப்பிக்க மறுப்பதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. ஆகவே பத்தாண்டுக்குக் குறையாத, பதிவு செய்த குத்தகை கிடைக்காவிட்டால் இந்த வேலையைத் தொடங்காமலிருப்பதே மேல் என்பது என் கருத்து. குறுகிய காலம்தான் கிடைக்கும் என்றால், பெயர்த்து எடுத்துப் போகக்கூடிய தடுப்புகளுக்கும் மேசைகளுக்கும் மேல் ஒரு ரூபாயும் செலவிடக் கூடாது.

நீண்ட குத்தகையைத் தரும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பது கட்டடத்துக்குக் கட்டடம் மாறும். நகராட்சி, மாநகராட்சிச் சொத்துகள் பொதுவாக ஏலத்தில் விடப்படும். ஏலத்தில் ஒரு பிரியாணிக் கடைக்காரரையோ கிடங்குக்காரரையோ ஓவியர் சங்கம் வெல்லப்போவதில்லை என்பதால், மன்றத் தீர்மானமும் அதன் மேல் அரசின் ஒப்புதலும் பெற்றுப் பொதுநோக்க ஒதுக்கீடாக வாங்குவதே வழி. ஊராட்சிக் கட்டடமானால் கிராம சபையில் பேசாமல் எதுவும் நிலைக்காது. கூட்டுறவுச் சங்கக் கட்டடத்திற்குக் கூட்டுறவுத் துறையின் அனுமதி தேவை. சங்கம் கலைப்பு நடவடிக்கையில் இருந்தால் கலைப்பு அலுவலரோடு பேச வேண்டும். அறநிலையத் துறையின் கீழுள்ள சத்திரமோ மண்டபமோ என்றால், ஐந்தாண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்கு ஆணையரின் ஒப்புதல் வேண்டுமென்று 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின் 34ஆம் பிரிவு கூறுகிறது. ஒப்புதல் இல்லாத குத்தகை செல்லாது. வேலூர்க் கோட்டையைச் சுற்றியுள்ள பழைய கட்டடங்களுக்கு இன்னொரு கட்டும் உண்டு. கோட்டை மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பதால், அதன் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதிய கட்டுமானம் கூடாது. அதற்கடுத்த 200 மீட்டரில் எதையும் அனுமதியோடுதான் செய்யலாம். பழுது பார்ப்பதற்கும் அனுமதி வேண்டும். லாங்கு பஜார்ப் பக்கம் அழகான பழைய கட்டடம் ஒன்றைப் பார்த்ததும் கனவு காண்பவர்கள் முதலில் அளவுநாடாவை எடுக்க வேண்டும்.

இவற்றோடு, கட்டடத்தின் பயன்பாட்டை மாற்றுவதற்கு 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படித் திட்ட அனுமதி தேவைப்படலாம். குத்தகையைத் தனிநபர் பெயரில் எடுப்பது ஆபத்து. 1975ஆம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் ஏழு பேர் சேர்ந்தால் ஒரு சங்கத்தைப் பதியலாம். அதன் பெயரில்தான் குத்தகை, மின் இணைப்பு, வங்கிக் கணக்கு எல்லாம் இருக்க வேண்டும்.

கட்டடத்திற்கு வருவோம். எந்தப் பழைய கூடத்திலும் முதல் வேலை கூரை மேல் ஏறிப் பார்ப்பது. மழைநீர்க் குழாயை அடைத்திருக்கும் சருகும், கைப்பிடிச் சுவரில் வேர்விட்ட அரசங்கன்றும்தான் உள்ளே தெரியும் பாதிக் கோளாறுகளுக்கு மூலம். அதன்பின் கூரையின் வகையைப் பார்க்க வேண்டும். சுதந்திரத்திற்கு முந்தைய கட்டடங்களில் தேக்கு உத்தரங்களின் மேல் செங்கல்லைக் குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பில் கட்டிய மெட்ராஸ் டெரஸ் கூரை இருக்கும். உத்தரத்தின் முனை சுவருக்குள் நுழையும் இடத்தில் கரையானோ ஈர மக்கலோ இல்லையென்றால் அது இன்னும் பல காலம் தாங்கும். அந்தச் சுவர்களில் சிமென்ட் பூச்சையும் பிளாஸ்டிக் பெயின்டையும் அடித்தால்தான் உள்ளே அகப்பட்ட ஈரம் வெளியேற வழியின்றிப் பூச்சு உப்பிப் பெயரும். 1970க்குப் பின் வந்த கான்கிரீட் கூடங்கள் பழமையில் இளையவை, பலவேளைகளில் உடல்நிலையில் மூத்தவை. கம்பிக்கு மேல் போதிய கனத்தில் கான்கிரீட் இல்லாமல் வார்த்திருந்தால், ஒழுகும் நீரால் கம்பி துருப்பிடித்துப் பருக்கும். அதன் அழுத்தத்தில் அடிப்பக்கம் பாளம் பாளமாக விழும். விழுந்த இடத்தில் சிமென்ட் பூசி வெள்ளையடிப்பது நோயை மறைப்பதே தவிரத் தீர்ப்பதில்லை. தகுதியுள்ள கட்டமைப்புப் பொறியாளர் உறுதிச் சான்று தராத கட்டடத்தில் ஒரு பொருளும் வைக்கக் கூடாது. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் கூரையானால், அதை அறுக்கவோ துளையிடவோ கூடாது. எழும் தூசு நுரையீரலுக்குக் கேடு.

வெளிச்சம் பற்றி ஒரு தவறான நம்பிக்கை நிலவுகிறது. வடக்குச் சன்னலில் நேர்வெயில் வராது, ஆகவே ஓவியருக்கு வடக்கு வெளிச்சமே உகந்தது என்பது ஐரோப்பிய நூல்களிலிருந்து வந்த பாடம். வேலூர் 13 பாகை வட அட்சரேகைக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே நிற்கிறான். அந்த மாதங்களில் காலையில் வடகிழக்கிலிருந்தும் மாலையில் வடமேற்கிலிருந்தும் சாய்ந்த வெயில் வடக்குச் சன்னலுக்குள் நுழையும். நண்பகல் வெயிலுக்குச் சிறிய சன்ஷேடு போதும், அது செங்குத்தாக விழுவதால். காலை மாலை வெயிலைத் தடுக்கச் சன்னலின் இருபுறமும் நிற்கும் பக்கத் தடுப்பு வேண்டும். இதைச் செய்துவிட்டால் வடக்குச் சுவர் உண்மையிலேயே நல்ல வெளிச்சம் தரும். மேற்குச் சன்னலை மூடிவிடுவதே நல்லது.

வெயில் 40 பாகையைத் தாண்டும் ஊரில் வெப்பம் சுவர் வழியாக வருவதைவிடக் கூரை வழியாகவே அதிகம் வருகிறது. பழைய முறையில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்த்துத் தட்டி, மேலே தட்டோடு பதித்த தளம் நீரையும் வெப்பத்தையும் ஒருசேரத் தடுக்கும். அந்த வேலை தெரிந்த கொத்தனார்கள் குறைந்துவிட்டார்கள் என்றாலும் அறவே இல்லாமல் போகவில்லை. பணம் குறைவென்றால் வெப்பத்தைத் திருப்பியனுப்பும் வெள்ளைப் பூச்சாவது அடிக்க வேண்டும்.

உள்ளே தடுப்புச் சுவரைக் கூரை வரை எழுப்புவது பெரிய பிழை. உயரக் கூடத்தின் பலனே காற்றோட்டந்தான். எட்டடித் தடுப்பு எழுப்பி மேலே திறந்துவிட்டால் ஒரு பக்கச் சன்னலில் நுழையும் காற்று எல்லா அறைகளையும் கடந்து போகும். அப்படிச் செய்தால் சத்தமும் தூசும் சேர்ந்தே கடக்கும் என்ற எதிர்வாதம் நியாயமானது. அதற்குத் தீர்வு, சத்தமும் தூசும் எழுப்பும் வேலைகளை மூலக் கட்டடத்திற்குள் கொண்டுவராமல், பக்கத்தில் தனிக் கொட்டகை போட்டு வைப்பதே. கல் செதுக்கும்போது எழும் சிலிக்காத் தூசு நாளடைவில் நுரையீரலை அரிக்கும். நீர் தெளித்து அறுப்பதும் முகக்கவசமும் அங்கே கட்டாயம். ஒரு கன அடி கருங்கல்லே ஏறக்குறைய 75 கிலோ இருக்கும் என்பதால், சிற்ப வேலையை மாடியில் வைப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம். குயவர் பகுதியின் கழுவுதொட்டிக்கு வண்டல் படியும் தொட்டி ஒன்று இடையில் இல்லாவிட்டால், முதல் ஆண்டிலேயே சாக்கடை முழுவதும் களிமண் அடைத்துக்கொள்ளும். எண்ணெய் வண்ணம் துடைத்த துணிகளைக் குவித்து வைத்தால் தானே சூடேறித் தீப்பற்றக்கூடும். மூடியுள்ள இரும்பு வாளியில் போட வேண்டும். மின்சாரச் சூளைக்கு மும்முனை இணைப்பும் சரியான நிலத்தொடர்பும் வேண்டும். இணைப்பு வணிகக் கட்டணத்தில் வருகிறதா, குடிசை மற்றும் குறுந்தொழில்களுக்கான வகையில் வருகிறதா என்பதை விண்ணப்பிக்கும்போதே பேசி முடிக்க வேண்டும். பின்னால் மாற்றுவது கடினம்.

பெண்களுக்குத் தனிக் கழிப்பறையும் வாசலில் விளக்கும் கடைசிப் பேருந்து நேரத்திற்கு ஒத்த பூட்டும் நேரமும் இல்லாத பணிக்கூடம், அறிவிக்காமலேயே ஆண்கள் மட்டும் வரும் இடமாகிவிடும்.

பணக் கணக்கை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். இது கற்பனை எண்களே. அறுபதுக்கு நாற்பது அடி, அதாவது 2,400 சதுர அடிக் கூடத்தில் பாதியைப் பொது வேலையிடம், நடை, கழிப்பறை, கிடங்கு என விட்டுவிட்டால், மீதியில் 150 சதுர அடி வீதம் எட்டு அறைகள் வரும். குத்தகை, பொது மின்சாரம், தண்ணீர், துப்புரவு, சிறு பழுது, காப்பீடு ஆகியவற்றுக்கு ஆண்டுக்கு 2,40,000 ரூபாயும், பெரும் பழுதுக்கென்று ஒதுக்கும் சேமிப்பாக 96,000 ரூபாயும் என்றால், அறைக்கு மாதம் 3,500 ரூபாய் வரும். எட்டில் இரண்டு அறைகள் காலியாகக் கிடந்தால் அது 4,667 ரூபாயாகும். கலைஞர்களால் தாங்க முடியாத இந்த ஏற்றத்தைத் தவிர்க்கப் பெரும்பாலோர் வெட்டுவது அந்தப் பழுதுச் சேமிப்பைத்தான். முன்பு சமுதாயக் கூடத்தைப் பூட்ட வைத்ததும் அதே வெட்டுதான். தொடக்கச் செலவுக்கு, மக்கள் ஒரு பங்கைத் திரட்டினால் மீதியை அரசு தரும் நமக்கு நாமே திட்டம் பொருந்தலாம். நிறுவனங்கள் சட்டம் 2013இன் ஏழாம் அட்டவணை, மரபுக் கலைகளையும் கைவினைகளையும் வளர்ப்பதைச் சமூகப் பொறுப்புச் செலவாக ஏற்கிறது. ஆம்பூர், இராணிப்பேட்டைத் தோல் நிறுவனங்களிடம் கேட்க இது ஒரு வழி. தொடக்கச் செலவுக்கு நன்கொடை தேடலாம். மாதச் செலவுக்கு நன்கொடையை நம்பக் கூடாது.

இனி, எல்லாவற்றிலும் சிக்கலானது: அந்தக் கூடம் யாருடையது என்ற கேள்வி. பயன்படாமல் கிடக்கிறது என்று வெளியிலிருந்து வருபவர் சொல்லும் கட்டடம் ஊர்க்காரருக்கு முழுக்கப் பயன்படாததல்ல. தேர்தலன்று அது வாக்குச்சாவடி. பாலாற்றில் வெள்ளம் வந்தால் தங்குமிடம். மருத்துவ முகாமும் குறைதீர் கூட்டமும் அங்கேதான். ஆதிதிராவிடர் குடியிருப்புகளில் கட்டப்பட்ட கூடங்களின் நிலை இன்னும் கூர்மையானது. ஊர்த் தெருவின் மண்டபம் தங்களுக்குத் திறக்காத காலத்தில், போராடியோ மனு மேல் மனு கொடுத்தோ வாங்கிய கூடம் அது. ஒழுகினாலும் அது தங்களுடையது என்ற எண்ணம் அங்கே வலுவாக இருக்கும், இருக்கவும் வேண்டும். நகரத்திலிருந்து வரும் ஓவியர் குழு, கலை என்ற நல்ல பெயரைச் சொல்லி அந்தக் கூடத்தை எடுத்துக்கொண்டு, வாசலில் நுழைவு நேரம் எழுதி மாட்டினால், அதை ஆக்கிரமிப்பு என்றே அந்தத் தெரு புரிந்துகொள்ளும். அது தவறான புரிதலும் அன்று.

அந்தத் தெருவிலேயே பறை அடிப்பவரும் கூத்தாடுபவரும் சுவர் எழுதுபவரும் இருப்பார்கள். அறை ஒதுக்கீட்டில் முதல் உரிமை அவர்களுக்கு என்பது விதியாக எழுதப்பட வேண்டும். தேர்வுக்குப் படைப்புக் கோப்பும் ஆங்கில விண்ணப்பமும் கேட்டால், கவின்கலைப் பட்டதாரிகள் மட்டுமே உள்ளே வருவார்கள். வேலையை நேரில் பார்த்து முடிவு செய்யும் குழுவில் ஊராட்சியின் பிரதிநிதிகளும் மூத்த கைவினைஞர்களும் இருக்க வேண்டும். கூடத்தின் நடுப்பகுதியைத் தடுக்காமல் பொதுவாக விட்டு, ஊரின் தேவைக்கு ஆண்டில் குறிப்பிட்ட நாள்களில் திறந்துவிடுவதும் ஒப்பந்தத்திலேயே வர வேண்டும். கூத்துக் காலமும் இதற்கு இசைவாகவே இருக்கிறது: பங்குனியிலிருந்து ஆடி வரை திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்துகளுக்காக ஜமாக்கள் ஊர் ஊராகப் போய்விடும், அந்த மாதங்களில் அவர்களின் அறைகளை மாணவர்களின் கோடைப் பயிற்சிக்குக் கொடுத்து, வாடகையையும் பாதியாகக் குறைக்கலாம்.

ஊராட்சிக் கட்டடங்களைப் பொறுத்தவரை, தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் கூடுகின்றன: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. முதல் சபையில் யோசனையை மட்டும் சொல்லிவிட்டு, இடைப்பட்ட மாதங்களில் கூடத்தைக் கூட்டிப் பெருக்கி ஒரு நாள் கண்காட்சியோ கூத்தோ நடத்திக் காட்டி, அடுத்த சபையில் தீர்மானத்தைக் கொண்டுபோவதே நடைமுறைக்கு ஏற்றது. அந்தத் தீர்மானத்தில் குத்தகைக் காலம், ஊருக்குத் திறக்கும் நாள்கள், அறை ஒதுக்கும் முறை ஆகியவற்றோடு, பலரும் எழுத மறக்கும் ஒரு பிரிவையும் சேர்க்க வேண்டும்: குத்தகை முடியும்போதோ இடையில் முறியும்போதோ, கூரைக்கும் மின்கம்பிக்கும் செய்த செலவு கட்டடத்தோடு ஊருக்கே சேரும்; சூளை, அச்சு எந்திரம், தடுப்புகள், மேசைகள் ஆகியவற்றைச் சங்கம் எடுத்துப் போகலாம்; முன்கூட்டியே காலி செய்யச் சொன்னால், எஞ்சிய ஆண்டுகளின் விகிதப்படிக் கூரைச் செலவில் ஒரு பகுதியை ஊராட்சி திருப்பித் தர வேண்டும்.